வேலைக்குப் பக்கமா? தண்ணீருக்குப் பக்கமா?

ஒரு குடும்பம். பேர் வேண்டாம். பந்தல்குடிப் பக்கம் பல வீடுகளில் நடக்கிற கதைதான்.

கணவனுக்கு மில்லில் வேலை. மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. வயதான தாயார் ஒருவர். இத்தனை பேரும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

பத்து வருடச் சேமிப்பு கையில் இருக்கிறது. மீதிக்குப் பாங்கிக் கடன். முதல் தடவையாகச் சொந்த இடம் வாங்கப் போகிறார்கள்.

எங்கே வாங்குவது?

"மில்லுக்குப் பக்கத்திலேயே வாங்கிவிடலாம்" என்கிறான் கணவன். "சைக்கிளில் பத்து நிமிடம். பெட்ரோல் மிச்சம். ராத்திரி ஷிப்டு முடிந்தால் உடனே வந்து படுக்கலாம்."

"நம்ம ஜனம் இருக்கிற தெருவில் வாங்கப்பா" என்கிறார் தாயார். "நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேண்டாமா?"

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவில்லை!

தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

யாருடைய தூரம்?

கணவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலைக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வருடத்தில் 300 நாளைக்கு 600 மணி நேரம். அதாவது, இரவும் பகலுமாக 25 நாள் பஸ்ஸிலேயே குடியிருந்த கணக்கு! சென்னையில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் இந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் பந்தல்குடி சென்னை அல்ல. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடி போகும் வழியில் இருக்கிற ஊர். மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலை வந்த பிறகு, அருப்புக்கோட்டைக்குப் போய் வருவது பெரிய பிரயாணம் அல்ல. இங்கே இரண்டு மைல் கூடினாலும் குறைந்தாலும், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்குப் பத்து நிமிடத்துக்குள்தான் வித்தியாசம்.

வீட்டில் இருக்கிறவளுக்கு?

குழாயடிக்குப் போக வேண்டும். ரேஷன் கடைக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்; திரும்ப அழைத்து வர வேண்டும். மாமியாருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நடைதான்.

கணவன் ஒரு நாளைக்கு ஒரு முறை போகிறான், ஒரு முறை வருகிறான். மனைவி பத்து முறை போகிறாள், பத்து முறை வருகிறாள். அப்படியிருக்க, "வேலைக்குப் பக்கம்" என்று எந்த வேலையைச் சொல்வது?

நல்ல தண்ணீர்க் குழாய் வீட்டிலிருந்து கால் மைல் என்றால், போகக் கால், வரக் கால். ஆறு நடைக்கு மூன்று மைல். அதில் ஒன்றரை மைல் இடுப்பில் குடத்தோடு! மில் வாசலுக்கு இரண்டு மைல் குறைந்தது என்று சந்தோஷப்படுகிற குடும்பம், இந்த மூன்று மைலைக் கணக்கில் எழுதுவதே இல்லை. எழுதுகிற பேனா ஆண் பிள்ளை கையில் இருப்பதுதான் காரணமோ, என்னவோ!

டவுன் பஸ் நிற்கிற இடமா என்பதும் பெரிய விஷயம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ் நிற்கிற ஊரில் வீடு இருந்தால், மனைவியும் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு வேலை பார்க்கலாம். வேகமாகப் பறக்கிற நாலுவழிச் சாலையின் ஓரத்தில், பஸ் நிற்காத இடத்தில் மனை வாங்கிவிட்டால், போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ராத்திரி ஷிப்டுக்காரனும் ஒன்றை யோசிக்க வேண்டும். அவன் தூங்குவது பகலில். சாலையில் லாரி ஓடுவதும் பகலில்!

ஆலை மூடும், தெரு நிற்கும்

வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பது புது யோசனை அல்ல.

இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி இருந்தார். பிராட்போர்டு நகரத்தின் புகையும் அழுக்குத் தண்ணீரும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஏர் என்ற ஆற்றங்கரையில் பெரிய ஆலை கட்டினார். 1853ல் அது திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தொழிலாளருக்கு வரிசை வரிசையாகக் கல் வீடுகள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குளிக்கும் இடம் எல்லாம் உண்டு. சால்ட்டேர் என்று அந்த ஊருக்குப் பெயர்.

1986ல் ஆலை மூடப்பட்டது. ஆனால் ஊர் அழியவில்லை. 2001ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாகியது. இன்றைக்கும் அந்த வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். என்ன காரணம்? ஆலை இல்லாவிட்டாலும் குடியிருக்கத் தகுந்த இடமாக அதைக் கட்டியிருந்தார்கள்.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டி இருக்கிறது. மதுரை மில் தொழிலாளருக்காக உண்டான ஊர் அது. இன்று அந்தத் தெருக்களில் மில் வேலையே தெரியாத குடும்பங்களும் இருக்கின்றன.

அருப்புக்கோட்டை நெசவாளர் கதை இன்னும் ருசிகரமானது. கைத்தறிக்காரருக்கு வேலையும் வீடும் ஒன்று. தறி வீட்டுக்குள்ளே இருக்கும். பாவு போடுவதற்குத் தெரு நீளமாக, நேராக இருக்க வேண்டும். ஆகவே, தெருவைப் பார்த்துத்தான் வீடு. இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள். பாவு ஓடிய தெருவில் ஸ்கூட்டர் ஓடுகிறது.

பந்தல்குடி மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஆர்.ஆர்.நகரில் சிமெண்ட் ஆலை வந்தது. அந்த ராம்கோ நிறுவனத்துக்குப் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் உண்டு. கல்லை நம்பிப் பல குடும்பங்கள் பிழைத்தன, பிழைக்கின்றன.

ஆனால் எந்த ஊர்ச் சுரங்கமானாலும் சரி, தோண்டத் தோண்டத் தீருகிற பண்டம் அது. ஒரு பக்கம் தீர்ந்தால் அடுத்த பக்கம் போவார்கள். வீடு பின்னால் போகுமா?

குவாரிக்கு மிகவும் பக்கத்தில் வீடு கட்டுவதும் நல்லதல்ல. குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரி கூடாது என்று தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959 சொல்கின்றன. அந்த விதி குவாரிக்காரருக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. இருக்கிற குவாரிக்குப் பக்கத்தில் போய் மனை வாங்குகிறவரும் அந்த 300 மீட்டரை அடி அடியாய் அளந்து பார்க்க வேண்டும். வெடி வைக்கிற நேரத்தில் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

கரிசல் செய்கிற வேலை

இனி, மண்.

அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி வட்டாரத்தில் கரிசல் மண் அதிகம். பருத்திக்கு அது தாய். வீட்டுக்கு மாமியார்!

மழை பெய்தால் கரிசல் உப்பும். வெயில் அடித்தால் சுருங்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். இப்படி வருடா வருடம் ஏறி இறங்குகிற மண் மேல் சாதாரணமாக இரண்டு மூன்று அடி வானம் தோண்டி வீடு கட்டினால், நாலாவது வருடம் சுவரில் கோடு விழும். கதவு சட்டத்தில் இடிக்கும். "கொத்தனார் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டை வரும். பாவம், கொத்தனார் என்ன செய்வார்?

ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழி கண்டு வைத்திருக்கிறது. மூன்று, மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் தூண் இறக்க வேண்டும். மேலே பெல்ட் ஓட்டி அதன் மேல் சுவர் எழுப்ப வேண்டும். மேல் மண் உப்பினாலும் சுருங்கினாலும் அடியில் இருக்கிற தூண் அசையாது. ஆனால் செலவு கூடும்.

ஆகவே, மனை விலை மலிவு என்று குதிக்கக் கூடாது. மேலே மிச்சம் பிடித்த பணம் கீழே போய்விடும். நாலு தெரு தள்ளிச் செவல் மண்ணோ, சரளோ, சுக்கான் கல்லோ இருந்தால், சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான். பக்கத்து மனையில் யாராவது வீடு கட்ட வானம் தோண்டியிருந்தால் எட்டிப் பார்க்க வேண்டும். மண்ணின் ஜாதகம் அந்தக் குழிக்குள் தெரியும்.

பருப்பு வெந்ததா?

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் தண்ணீர்.

விருதுநகர் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக சுமார் 800 மில்லி மீட்டர் மழை. ஆனி, ஆடி மாதத்து மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திக்கொள்கிறது. மழை வருடத்தின் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிட்டுப் போகும். அதைத்தான் நம் பெரியவர்கள் கண்மாயிலும் ஊருணியிலும் பிடித்து வைத்து வருடம் பூராவும் குடித்தார்கள்.

மனைப் புரோக்கர்கள் கெட்டிக்காரர்கள். மழைக்குப் பிறகு, கண்மாய் நிறைந்து கிடக்கும்போதுதான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கலர் கலராகக் கொடி. வெள்ளை அடித்த கல். பக்கத்தில் பச்சை. "பஸ் ஸ்டாண்டுக்கு 5 நிமிடம், 200 அடியில் தண்ணீர்" என்று நோட்டீஸ்.

ஐந்து நிமிடம் எதில் என்று நோட்டீசில் இல்லை. என்ன தண்ணீர் என்றும் இல்லை!

இந்தப் பூமியில் நல்ல தண்ணீர் உண்டு. உப்புத் தண்ணீரும் உண்டு. ஒரு போரில் தண்ணீர் கல்கண்டாக இருக்கும். நாலு வீடு தள்ளி இன்னொரு போரில் வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது. துணி வெளுக்காது. பருப்பு வேகாது. இதையெல்லாம் புரோக்கர் அறியமாட்டார். மில்லில் இருக்கிற கணவனும் அறியமாட்டான். அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும்.

ஆகவே, சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்களிடம் அவளைப் பேசவிட வேண்டும். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது? எத்தனை மணிக்கு வருகிறது? ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிடிக்க வேண்டுமா? கடைசி வீட்டுக்கும் வந்து சேருகிறதா? மேட்டுத் தெருவிலும், குழாய் முடிகிற இடத்திலும் தண்ணீர் கடைசியில்தான் வரும், முதலில் நிற்கும்.

ஒரு பாட்டில் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு கைப் பருப்பை வேகப் போட்டுப் பார்க்கலாம். இது பாட்டிமார் பரீட்சை. படித்தவர்கள் பரீட்சை வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துச் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகள் 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால், வாழ்நாள் பூராவும் கேன் தண்ணீர்தான். பாங்கித் தவணை 20 வருடத்தில் முடியும். கேன் தவணைக்கு முடிவு கிடையாது.

கண்மாய்க்குள் வீடு

தண்ணீர் இல்லாத சீமையில் தண்ணீரால் வீடு போகுமா? போகும்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழையை விட அது அதிகம். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு போயிற்று. வழியில் இருந்தவை வீடுகள்.

வறண்ட சீமையில் இந்த ஆபத்து அதிகம். எப்படி? பத்து வருடம் மழை பொய்க்கும். கண்மாயில் சீமைக் கருவேல் மண்டும். வரத்துக்கால் மேடாகும். "இது கண்மாயா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தச் சமயம் பார்த்து ஒருவர் முள்ளை வெட்டி, மண்ணைக் கொட்டி, கல்லை ஊன்றிவிடுவார். பதினோராவது வருடம் மழை வரும். வரத்துக்கால் மேல் கட்டிய வீட்டுக்குள் தண்ணீர் குடி வரும்.

கண்மாய், ஏந்தல், ஓடை, ஊருணி என்று சர்க்கார் கணக்கில் இருக்கிற நிலத்தை யாரும் விற்க முடியாது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அந்த இடத்தில் கட்டிய வீட்டை ஒரு நாள் இடிக்க வருவார்கள். அன்றைக்கு விற்றவர் இருக்கமாட்டார். நோட்டீஸ் அடித்த புரோக்கரும் இருக்கமாட்டார். பாங்கித் தவணை மட்டும் இருக்கும்.

ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைக் கேட்டால் போதும். "தாத்தா, பெருமழைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் எப்படிப் போகும்?" கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை காட்டுகிற வழியில் மனை இருந்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட வேண்டியதுதான்.

நம்ம ஜனம்

இப்போது தாயார் பேச்சுக்கு வருவோம். "நம்ம ஜனம் இருக்கிற தெரு" என்றாரே, அது.

அவர் சொன்னதைக் கேலி செய்துவிட முடியாது. பக்கத்தில் இருக்கிற திருச்சுழியில் 1879ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவருடைய தகப்பனார் சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வக்கீல் தொழில் செய்து வந்தார். நல்ல பேர், நல்ல வருமானம். 1892ல் அவர் இறந்தார். அத்தோடு வீடு கலைந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் இருந்த ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். தாயாரும் சின்னப் பிள்ளைகளும் மானாமதுரையில் இருந்த இன்னொரு சித்தப்பாவிடம் போனார்கள். அந்தக் காலத்தில் இன்ஷூரன்ஸ் ஏது, பென்ஷன் ஏது? உறவுதான் எல்லாம். வீடு வாங்கும்போது உறவைத் தேடிய கிழவிகள் முட்டாள்கள் அல்ல.

ஆனால் இன்றைக்கு உறவு எங்கே இருக்கிறது? தம்பி திருப்பூரில். மச்சான் சென்னையில். மாமன் மகன் துபாயில். நெஞ்சு வலி வருகிற ராத்திரியில் ஓடி வரப்போவது எதிர் வீட்டுக்காரர். அவர் என்ன ஜாதி என்று நெஞ்சு வலி கேட்காது.

இதை வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் வீடு தேடிப் போகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "பணம் இருக்கிறதா?" அல்ல. "நீங்க என்ன ஆளுக?" என்பதுதான். ஊருக்குள் தெருவுக்குத் தெரு ஜாதி. விற்கிறவர் தன் ஆட்களுக்குத்தான் விற்கப் பார்ப்பார். வாங்குகிறவரும் தன் ஆட்கள் தெருவைத்தான் தேடுவார். தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்று, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல தண்ணீர்த் தெருவில் ஒரு மனை வாங்கிவிடுவது அவ்வளவு சுலபமா?

கிணறு, குளம், சாலை முதலிய பொது இடங்களை ஜாதியைச் சொல்லி யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு சொல்கிறது. 1950லிருந்து சொல்கிறது. தெருக் கிணற்றுக்குச் சட்டம் வந்துவிட்டது. தெருவில் வீடு வாங்குவதற்கு மனசு வர வேண்டியிருக்கிறது.

1998ல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். அதில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு; 25 பிற்படுத்தப்பட்டோருக்கு; 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு; 10 மற்றவர்களுக்கு. ஜாதிக்கு ஒரு தெரு என்று கிடையாது. சர்க்கார் கட்டிக் கொடுத்தால்தான் இப்படி நடக்குமா? சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்களும் இந்தக் காரியத்தைச் செய்யலாம். ஊருக்கு வெளியே புதிதாக வருகிற மனைகளில் ஒரு வாத்தியார், ஒரு டிரைவர், ஒரு மில்காரர், ஒரு நர்ஸ் என்று கலந்து வருகிறார்கள். தாயார் தேடுகிற நாலு பேர் அங்கேயே கிடைப்பார்கள்.

நாலு பேர் வேண்டும் என்று தாயார் சொன்னது சரி. அந்த நாலு பேர் யார் என்பதில்தான் பிசகு. உப்புத் தண்ணீரும் கரிசல் பள்ளமுமாக ஒரு தெரு. அதில் நாற்பது வீடும் சொந்தக்காரர்கள். என்ன பிரயோஜனம்? எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கலாம்!

காகிதம்

பத்திரம் பற்றி எழுத ஆரம்பித்தால் தனி மலரே வேண்டும். ஆகவே சுருக்கமாக.

தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒத்துப் போக வேண்டும். அ பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டாவையும் வில்லங்கத்தையும் வீட்டில் இருந்தபடியே போனில் பார்க்க இப்போது வசதி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த மகள் வீட்டில் இருந்தால் அவளே பார்த்துச் சொல்வாள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிய 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தடை போட்டது. மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது. அதன் பிறகும் "அப்ரூவல் வந்துகொண்டே இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். மனைப் பிரிவில் சாலையும் பூங்காவும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று பூங்கா. நாளைக்கு மனை நம்பர் 41.

இன்னொரு சேதி. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் 1 முதல் இந்தச் சலுகை. கட்டணம் குறைகிறது என்பதற்காகவாவது மனைவி பேரில் எழுதட்டும்!

என்ன ஆயிற்று?

நம் குடும்பம் என்ன செய்தது?

வைகாசி மாதம், உச்சி வெயில். கணவனும் மனைவியும் இரண்டு இடம் பார்த்தார்கள். முதலாவது, நாலுவழிச் சாலை ஓரம். மில்லுக்குப் பக்கம். இரண்டரை சென்ட். இரண்டாவது, ஊரை ஒட்டி. மில்லுக்கு இரண்டு மைல் தள்ளி. அதுவும் இரண்டரை சென்ட். விலை கொஞ்சம் கூட.

மனைவி பையில் இரண்டு பாட்டில் வைத்திருந்தாள். இரண்டு இடத்துத் தண்ணீரையும் பிடித்து வந்தாள். இரண்டு அடுப்பில் பருப்புப் போட்டாள். ஒன்று மலர்ந்தது. மற்றது கல்லாகவே கிடந்தது.

"ஏங்க, நீங்களே பாருங்க" என்றாள். கணவன் கரண்டியால் அமுக்கிப் பார்த்தான். பேசவில்லை.

"அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறாங்க?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார்.

"எதிர் வீட்டில் ஒரு அக்கா இருக்காங்க, அத்தை. ஆஸ்பத்திரியில் வேலை. தண்ணி வர்ற அன்னிக்கு நாம வீட்டில் இல்லாவிட்டால் அவங்களே பிடிச்சு வைக்கிறேன்னு சொன்னாங்க."

மாமியார் வேறு ஒன்றும் கேட்கவில்லை. "மழைக்கு அந்தப் பக்கம் எப்படி?" என்றார். அனுபவசாலி அல்லவா!

அது நல்ல கேள்வி. அதற்குப் பதில் வைகாசியில் கிடைக்காது. ஆகவே ஐப்பசி வரை அட்வான்ஸ் கிடையாது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பெரிய மழை ஒன்று பெய்த மறுநாள் காலையில், குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பதாக உத்தேசம்.

புரோக்கர் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்கிறார். "வேறு பார்ட்டி வந்தாச்சு, சார். நாளைக்கே முடித்துவிடுவார்கள்" என்கிறார்.

கணவன் போனை மனைவி கையில் கொடுத்துவிடுகிறான்.